மாலை ஐந்தரை மணிச் சோதனை

ஊசிக்கரடு பேரூராட்சியில் ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, யாராவது மனசுக்குள் பிடித்துவைத்திருக்கிற எந்தப் பொருளையும் இருந்த இடத்தை விட்டு அப்புறப்படுத்த முடியாமல் போயிற்று. முதலில் மாட்டிக்கொண்டவன் டீக்கடை பாக்கியம். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குப்பை வண்டியில் போடலாம் என்று தூக்கினான், அது வரவில்லை, இரண்டு பேர் இழுத்தார்கள், நாலு பேர் இழுத்தார்கள், லோடுமேன் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லி இழுத்தான், ம்ஹூம், அசையக் காணோம். கடைசியில் யாருக்கோ நினைவு வந்து, அந்த நாற்காலியில் பதினொரு வருஷம் உட்கார்ந்துவிட்டுத் திருப்பூருக்குக் குடிபோன டெய்லருக்குப் போன் போட்டார்கள். "அந்த நாற்காலிய இன்னும் நெனச்சுக்கிட்டா இருக்கீரு?" என்று கேட்டார்கள். "இங்க ஒக்கார எடமில்லாமப் போறப்பல்லாம் நெனச்சுக்கிடுவேன் வே" என்றார் டெய்லர். "சரி, விட்டுட்டேன், எடுத்துக்கிடுங்க." நாற்காலி ஒற்றைக் கை இழுப்புக்கே வந்தது.

அதே பத்தேகாலுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மாடி அறையில் செண்பகவல்லியின் கணினித் திரையில் ஒரு சோதனை சிவப்பாகிவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஊரில் இன்றைக்கும் யாருக்கும் சொல்லத் தெரியாது. செண்பகத்துக்கு முப்பத்து நாலு வயசு, அம்மா பேச்சியம்மாளோடு இருக்கிறாள். மலைபோலக் குவிந்த தகவலைச் சலித்துக் கொடுக்கிற 'சல்லடை' என்கிற மென்பொருளைப் பராமரிக்கிற ஒன்பது பேரில் ஒருத்தி. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்த மென்பொருள் அது. மற்ற எட்டுப் பேரும் லினக்ஸ்காரர்கள் அல்லது மேக் கணினிக்காரர்கள், விண்டோஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். விண்டோஸில் ஏதாவது உடைந்தால் ஒஸ்லோவிலிருந்து வெளியீட்டைக் கவனிக்கிற இங்க்ரித், "செண்பகத்தைக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவாள். ஏழு வருஷமாக இதே கதைதான்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆயிரத்து நானூறு சோதனைகள் மூன்று வகைக் கணினியிலும் ஓடும், எல்லாம் பச்சையானால்தான் புதுப் பதிப்பு வெளியே போகும். அன்றைக்கு லினக்ஸ் பச்சை, மேக் பச்சை, விண்டோஸில் மட்டும் ஒன்று சிவப்பு. சோதனைக்காக உண்டாக்கிய ஒரு தற்காலிகக் கோப்பைக் கடைசியில் அழிக்கப் போகும்போது, 'நீக்க முடியவில்லை, இது வேறொரு நிரலின் பிடியில் இருக்கிறது' என்று வந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. லினக்ஸில் டீக்கடையில் ஒருத்தர் படித்துக்கொண்டிருக்கிற பேப்பரைக்கூட உருவிக் கிழித்துப் போட்டுவிடலாம். விண்டோஸில் அவர் மடித்துக் கீழே வைக்கிறவரைக்கும் யாரும் தொட முடியாது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. செண்பகம் இரண்டு வாரம் தேடினாள், கிடைக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. மின்கம்பியில் உரசின வேப்பங்கிளையை அறுக்க வந்த லைன்மேன், மரத்தடியில் நின்று, "யாரு பிடிச்சிருக்கா, சொல்லிருங்கப்பா, எனக்கு இன்னும் நாலு தெரு கெடக்கு" என்று கேட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தான். இறந்துபோன ரைஸ்மில்காரரைப் பாடையோடு தூக்க முடியாமல் மத்தியானம்வரை வெயிலில் வைத்திருந்தார்கள், மஸ்கட்டில் இருந்த தம்பி ஸ்பீக்கர் போனில் அழுது அழுது "விட்டுட்டேன்ணே" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். அதிலிருந்து துக்கத் தகவலோடு, 'பிடித்திருப்போர் முன்னதாகவே விட்டுவிடவும்' என்றும் ஒரு வரி வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்தது. கல்யாணப் பெண் ஒருத்தி காரில் ஏறக் காலைத் தூக்கினாள், கால் வரவில்லை. யாரும் செல்போன் கடைப் பையன் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்பது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ மெதுவாக "விட்டுட்டேன்" என்றார்கள், பெண் காரில் ஏறினாள், மேளக்காரர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

பிடித்திருப்பவர் யாரென்று தெரியாத இடத்துக்குக் கவுன்சிலர் குருவையா ஒரு வழி கண்டுபிடித்தார். மைக்செட் காசிராசனைக் கூப்பிட்டு, வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து, அந்தப் பொருளுக்கு முன்னால் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். பிடித்திருப்பவரின் பெயர் வந்ததும் பொருள் லேசாக ஆடும். அவ்வளவுதான், ஆள் வந்து கையை வைத்து "விட்டுட்டேன்" என்பார், வேலை முடிந்தது. கோயில் கொடைக்குப் பாட்டுப் போடுகிற அதே குழாயில் தெருத்தெருவாகப் பெயர்கள் கேட்டுக்கொண்டே இருந்தன, பெண்கள் சோறு வடித்துக்கொண்டே தங்கள் பெயர் வந்து போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் சிக்கல் தங்கப்பழத்தால் வந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அதிர்ந்து பேசாத மனுஷன். சாலையை அகலப்படுத்த முக்கு ரோட்டுத் தபால் பெட்டியை எடுக்க வேண்டியிருந்தது, அவர் பெயரை வாசித்ததும் பெட்டி ஆடிற்று. வந்தார், கையை வைத்தார், மூன்று தடவை "விட்டுட்டேன்" என்றார். பெட்டி நகரவில்லை. "வாயால சொல்லுதேன் தம்பி, உள்ள விட மாட்டேங்குதே" என்று குருவையாவிடம் சொல்லும்போது அவருக்கே அவமானமாக இருந்தது. ஒன்பது நாள் ஊர் பொறுமையாகக் காத்திருந்தது, பத்தாவது நாள் ரோடு போடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள்.

அந்தப் பத்தாவது நாள்தான் செண்பகம் அந்த வரியை எழுதினாள். பாவிமகள், கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. வெளியீடு மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது, எட்டுப் பேரும் பச்சைக்காகக் காத்திருந்தார்கள், அவளுக்குக் கண் எரிந்தது, கழுத்து வலித்தது. கோப்பை அழிக்க முடியாவிட்டால், அதைப் பிடித்திருக்கிற நிரல் எதுவோ அதைத் தேடிப்பிடித்து முடித்துவிடு, அப்புறம் அழி. ஒரே வரி. அதற்கு மேலே 'இப்போதைக்கு' என்று குறிப்பு எழுதினாள், மென்பொருள்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தபோது மணி சாயந்தரம் ஐந்தரை. பச்சை. ஆயிரத்து நானூறும் பச்சை. இங்க்ரித் கைதட்டுகிற படம் ஒன்று அனுப்பினாள்.

முக்கு ரோட்டில் தபால் பெட்டி தானாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. வீட்டில் தங்கப்பழம் காபி டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த கையோடு நின்றுபோனார். வலி இல்லை, சத்தம் இல்லை. அவர் மனைவி அழகுநாச்சி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் உயிர் இல்லையென்று தெரிந்தது.

ஊர் முதலில் பயந்தது. அப்புறம், என்ன சொல்ல, ரோடு நேராகப் போட்டார்கள், பஸ் குலுங்காமல் திரும்பிற்று. செண்பகத்தின் வரி பொதுவில் சேர்ந்துவிட்டதால் வெளிநாட்டுக் கணினிகள் தினமும் உலகப் பொது நேரம் பன்னிரண்டு மணிக்குத் தாமாகவே எல்லாச் சோதனைகளையும் ஓட்டின, அப்போது இங்கே மாலை ஐந்தரை. மறுவாரம் பழைய மோட்டார் ரூமை இடிக்க முடியாமல் நின்றபோது அதைப் பிடித்திருந்த பம்ப் ஆபரேட்டர் ஐந்தரைக்கு நின்றுபோனார். அதற்கடுத்து, பெற்றவர்கள் விற்கப்போன அண்ணன் சைக்கிளை விடாமல் பிடித்திருந்த இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி. குருவையா கெட்டவர் இல்லை, மூன்று வீட்டுக்கும் போய்த் துக்கம் கேட்டார். ஆனால் விட முடியாதவர்களிடம் அவர் இப்போது கெஞ்சுவதில்லை. "சரி, சாயந்தரம் பாத்துக்கிடலாம்" என்று மட்டும் சொல்வார்.

அதன் பிறகு ஊசிக்கரட்டில் ஜனங்கள் எதையும் ரொம்ப நேரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வாசலில் பூத்த செம்பருத்தியைப் பார்த்தால் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் பொம்மைகளை வாரத்துக்கொரு தடவை மாற்றினார்கள், ஒன்றின்மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. புருஷன் வெளியூர் போனால் மனைவி வாசல்வரை வராமல் உள்ளேயே பாத்திரம் விளக்கினாள். கேட்டால், பழகிப்போச்சு என்றார்கள்.

செண்பகத்துக்கு விஷயம் பிடிபட்டது ஒரு வியாழக்கிழமை காலையில். ஓடி முடிந்த சோதனைகளின் பதிவைச் சும்மா மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பிடித்திருந்தது 307, முடிக்கப்பட்டது.' அதற்குக் கீழே, 'பிடித்திருந்தது 1144, முடிக்கப்பட்டது.' அதற்கும் கீழே, 612. ஜன்னலுக்கு வெளியே குழாயில் காசிராசன் வாசித்துக்கொண்டிருந்தான்: "வரிசை எண் முன்னூத்தி ஆறு, தங்கத்தாய். முன்னூத்தி ஏழு, தங்கப்பழம், அவர் இல்ல, பேர அடிச்சாச்சு. முன்னூத்தி எட்டு, அழகுநாச்சி." செண்பகம் திரையிலிருந்த 307-ஐத் திரும்பிப் பார்த்தாள். பேரூராட்சி இணையப் பக்கத்திலிருந்து பட்டியலை இறக்கி 1144-ஐப் பார்த்தாள், பம்ப் ஆபரேட்டர். 612-ஐப் பார்க்கத் தைரியம் வரவில்லை, பார்த்தாள், அந்தப் பெண். மூன்று பேரையும் நான்தான் கொன்றேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

இன்றைக்கு எதற்காக வாசிக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெற்குத் தெருவில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எரிந்துபோன தீப்பெட்டி ஆபீஸின், அதாவது தீப்பெட்டி செய்த தொழிற்சாலையின், மிச்சச் சுவர். அதை இடித்துச் சமுதாயக்கூடம் கட்டப் போகிறார்கள். அந்தத் தீயில் ஒன்பது பெண்கள் போனார்கள், அதில் ஒருத்தி செண்பகத்தின் அக்கா முத்துச்செல்வி, பதினெட்டு வயசு. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். பாதி வழியிலேயே குழாயில் கேட்டுவிட்டது: "தொள்ளாயிரத்தி இருபது, பேச்சியம்மாள்." அடுத்த பெயர் வரவில்லை. "ஆடுது அண்ணாச்சி" என்றான் காசிராசன், மைக்கை அணைக்காமலே.

பேச்சியம்மாள் மூன்று தடவை சுவரில் கையை வைத்து "விட்டுட்டேன்" என்றாள். நாலாவது தடவையும் சொன்னாள், யாரும் கேட்காமலே. உதடு வெளுத்திருந்தது. சுவர் அப்படியே நின்றது.

"பரவாயில்ல மதினி, வீட்டுக்குப் போங்க" என்றார் குருவையா, தரையைப் பார்த்துக்கொண்டு. "சாயந்தரம் பாத்துக்கிடலாம்."

வீட்டுக்கு வந்து அம்மா அடுப்படிக்குள் போனாள். செண்பகம் மாடிக்கு ஓடினாள். மணி பதினொன்றரை. கையிலிருப்பது ஆறு மணி நேரம். இரண்டு வாரம் தேடியும் கிடைக்காதது பயத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது: 'வேறொரு நிரல்' என்று விண்டோஸ் சொன்னதே, அப்படி வேறு யாருமே இல்லை. சல்லடையேதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதிய ஒரு சின்னச் செயல்பாடு, ஒரு கோப்பைத் திறந்து முதல் வரியைப் படித்துவிட்டு மூடாமல் போயிருந்தது. முடித்துவிடு என்ற வரி வெளியே வேறெந்த நிரலையும் முடிக்கவில்லை, சோதனை ஓட்டுகிற நிரலையே முடித்தது, செத்துப்போன நிரல் புகார் சொல்லாது, புகார் இல்லையென்றால் பச்சை. இதைப் போய்க் கைதட்டி வரவேற்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூடுகிற கட்டளையைச் சேர்த்தாள், தன் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். பதினொரு விநாடி.

அந்தப் பதினொரு விநாடியும் கீழே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. படியில் எட்டிப் பார்த்தாள். அம்மா சுவரில் மாட்டியிருந்த முத்துச்செல்வியின் படத்துக்கு முன்னால் நின்று, ஊருக்குப் புதிதாக வந்தவள் கடையின் பெயர்ப் பலகையைப் பார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டாள். செண்பகத்தைத் திரும்பிப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்றும் கேட்டாள், மரியாதையாக. பிறகு சோதனை முடிந்தது, பச்சை வந்தது, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏட்டி, என்ன அப்படிப் பாக்க? உலை கொதிக்கு" என்றாள்.

செண்பகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோப்பை மூடினால் ஊரில் எல்லாருடைய பிடியும் விடும், ஒருத்தரும் சாக மாட்டார்கள், ஒருத்தருக்கும் யாரும் இருக்க மாட்டார்கள். மூடாமல் விட்டால் அம்மா ஐந்தரைக்கு நின்றுபோவாள். அவள் அழுதாள், சத்தமாகவே அழுதாள். அப்புறம் மாடிக்குப் போய் மூடுகிற கட்டளையை அழித்தாள், 'முடித்துவிடு' என்ற வரியையும் அழித்தாள். சிவப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கேயும் ஒரு கண்டம் இருந்தது. எந்தத் திருத்தமானாலும் எல்லாருக்கும் பொதுவான விண்டோஸ் கணினியில் ஓடித் தீர வேண்டும், வரிசையில் அவளுக்கு முன்னால் முப்பத்தாறு பேர். மூன்று மணிக்கு இருபத்தெட்டு. நாலரைக்கு ஒன்பது. ஐந்து மணிக்கு ஓட ஆரம்பித்தது, ஐந்து இருபதுக்குச் சிவப்பு வந்தது, அது அவளுக்குத் தெரிந்த சிவப்புதான். சிவப்பான திருத்தத்தைப் பொதுவில் சேர்க்க இங்க்ரித் ஒருத்தியால்தான் முடியும். இங்க்ரித்தின் பெயருக்குப் பக்கத்தில் 'சாப்பிடப் போயிருக்கிறேன்' என்று இருந்தது.

கீழே வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மாவைச் சுவரடிக்குக் கூட்டிப் போகிறார்கள், நாற்காலி போட்டிருக்கிறார்களாம், டீயும் சொல்லியிருக்கிறார்களாம். செண்பகம் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, தட்டச்சு செய்துகொண்டே பின்னால் ஓடினாள். 'இங்க்ரித், தயவுசெய்து. இப்போதே.'

ஐந்து இருபத்தாறுக்குப் பதில் வந்தது. 'சிவப்பாக இருக்கிறதே? இதைச் சேர்த்தால் விண்டோஸ் பதிப்பையே கைவிட வேண்டிவரும். உன் ஏழு வருஷ வேலை, செண்பகம்.'

'கைவிடு' என்று எழுதினாள்.

'காரணம்?'

'என் அம்மா' என்று எழுதினாள். ஐந்து இருபத்தொன்பதுக்கு, 'சேர்த்துவிட்டேன்' என்று வந்தது.

சுவருக்கு முன்னால் பேச்சியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஆறிப்போன டீ. சுற்றிலும் முந்நூறு பேர் இருப்பார்கள், ஜேசிபி ஓரமாக உறுமிக்கொண்டிருந்தது. ஐந்தரை ஆயிற்று. ஐந்து முப்பத்தொன்று. பேச்சியம்மாளின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குருவையா வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். ஐந்தே முக்காலுக்குப் பேச்சியம்மாள் டீயைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "விடல. காலையில சொன்னதெல்லாம் பொய். எம்பிள்ள உள்ள கத்துனத நான் வெளிய நின்னு கேட்டவ. விட மாட்டேன்."

செண்பகம் செல்போனை இடுப்பில் செருகினாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அஞ்சரை மணி செய்யலேன்னா என்ன?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோபக் குரல் இல்லை, யோசனை சொல்கிற குரல். "வழிதான் தெரிஞ்சுபோச்சே நமக்கு."

யார் சொன்னது என்று ஒருத்தரும் தேடவில்லை. முன்வரிசையில் நின்ற ஒருவர், தினம் செண்பகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர், குனிந்து ஜேசிபிக்கடியில் கிடந்த கடப்பாரையை எடுத்தார், எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர்போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குருவையா "ஏய்" என்றார், ஆனால் கடப்பாரையைப் பிடுங்கவில்லை. தான் எழுதிய வரியைத் தன்னால் நிரலிலிருந்துதான் எடுக்க முடிந்தது, இவர்களுக்குள்ளிருந்து எடுக்க முடியவில்லை என்று செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாலு பேர் வந்து பேச்சியம்மாளை அப்பால் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. சேலைத் தலைப்புக்கூட அசையவில்லை. ஒதுங்கி நின்று மூச்சு வாங்கினார்கள், அவர்களுக்கும் விஷயம் புரிந்தது, இவளையும் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

"காசிராசா" என்றார் குருவையா. "வாசி."

காசிராசனுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. மைக்கை வாயருகில் கொண்டுபோனான், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "செண்பகவல்லி."

அவளுடைய கைக்குள் அம்மாவின் கை லேசாக ஆடிற்று. கடப்பாரைக்காரர் இப்போது அம்மாவைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். "எம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் செண்பகம். "எனக்குந்தான்" என்றாள் பேச்சியம்மாள். "விட்டுறாத."

அப்போது கூட்டத்தை இடித்து விலக்கிக்கொண்டு அழகுநாச்சி வந்தாள், போஸ்ட்மாஸ்டர் மனைவி, புருஷன் போன நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். செண்பகத்தின் தோளை எலும்பு வலிக்கிறமாதிரி இறுக்கிப் பிடித்தாள். மைக்கைப் பார்த்துத் திரும்பினாள்.

"எம் பேரையும் வாசிடா" என்றாள்.